வராளியின் மேல் பழி

நார்த்மீட், சிட்னி
8.5.1977

என் அன்பு அத்தானுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். போன கடிதத்தில் சொன்ன இருமல் இந்த வீட்டு யோகா அன்ரியின் மல்லித் தண்ணீருக்குப் பயந்து ஓடிவிட்டது. கண்டிக் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கம்பளிச் சால்வையைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு குளிருகிறது என்று எழுதினால் நான் இரங்க மாட்டேன்.

மாஸ்டர்ஸ் படிப்பில் இது கடைசி வருடம். கார்த்திகையில் நான் இயற்றும் உருப்படியை மேடையில் வாசித்துக் காட்ட வேண்டும். பரீட்சகர்கள் சபையில் உட்கார்ந்து கேட்பார்கள். தந்தி வாத்தியக் குழுவுக்கு வயலின் வாசிக்க நாலு பேர் இங்கேயே இருக்கிறார்கள். நடுவில் நிலத்தில் சம்மணம் கட்டியிருந்து நம்முடைய முறையில் வயலின் வாசிக்கப்போகிறவர் கண்டியிலிருந்து வருவார் என்று பேராசிரியர் லாங்டனிடம் சொல்லிவிட்டேன். மேடை போட்டுத் தருவதாகச் சொன்னார். நீங்கள் தந்த வாக்கை நம்பித்தான் முழுவதையும் எழுதுகிறேன். அதை மறக்க வேண்டாம்.

முதல் பகுதி இத்துடன் வருகிறது. இரண்டாம் பகுதியை வராளியில் அமைக்க ஆசை. எனக்குச் சங்கீதம் சொல்லித் தந்தவரும் நீங்கள்தான், தாலி கட்டியவரும் நீங்கள்தான். இத்தனை வருடத்தில் வராளியை மட்டும் சொல்லித் தரவில்லை. இப்போது சொல்லித் தாருங்கள்.

உங்கள் வதனா

*

கண்டி
24.5.1977

அன்புள்ள வதனாவுக்கு,

முழங்கால் நலம். சால்வையும் நலம், பெட்டிக்குள்தான் இருக்கிறது.

உம்முடைய முதல் பகுதியை வாசித்துப் பார்த்தேன். பதினோராவது கட்டத்தில் என் சுண்டுவிரல் எங்கே போய் நிற்க வேண்டும் என்று நினைத்து எழுதினீர்? எனக்குக் கடவுள் ஐந்து விரல்தான் தந்தார், அதிலும் ஒன்று வயலினைத் தாங்கப் போய்விடும். முடிவுக்கு முன்னால் வரும் இறக்கம் பியானோவில் இருந்துகொண்டு எழுதியது என்று பார்த்த உடனே தெரிகிறது. திருத்தி அனுப்பும்.

வராளி முடியாது. ஏன் என்று உமக்குத் தெரியும். குரு சீடனுக்கு அதை முகம் பார்த்துச் சொல்லிக் கொடுத்தால் இருவருக்கும் இடையில் பிரிவு வரும் என்பார்கள். வித்துவான்கள் எல்லாரும் பிறர் பாடக் கேட்டுத்தான் பிடித்திருக்கிறார்கள். நானும் என் வாத்தியாரின் கச்சேரிகளில் பின்னுக்கு இருந்து பிடித்தவன். இதை நம்புகிறேனா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் சொல்லித் தர மாட்டேன். உலகத்தில் வேறு ராகம் இல்லையா?

உம்முடைய சிறி

*

நார்த்மீட்
12.6.1977

என் அன்பு அத்தானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். விக்னராஜா அங்கிள் பென்டில் ஹில்லில் ஒரு கடையில் புளி கண்டுபிடித்துக் கொண்டுவந்தார், வீட்டில் அன்று பெருநாள். நீங்களும் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் சுண்டுவிரலுக்கு மரியாதை செய்து பதினோராவது கட்டத்தைத் திருத்திவிட்டேன்.

வராளியை விட முடியாது, அத்தான். அதன் காந்தாரம் ரிஷபத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, மத்திமம் பஞ்சமத்தில் போய் இடிக்கிறது. மேல்நாட்டு வயலின் நாலும் அந்த நெருக்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் என் ஆய்வே. பேராசிரியருக்கு எழுதிக் கொடுத்தும் விட்டேன். முகம் பார்த்துச் சொல்லித் தரக் கூடாது என்பதுதானே விதி? கசற்றில் வாசித்து அனுப்புங்கள். நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை, நடுவில் ஒரு சமுத்திரமே கிடக்கிறது. நான் மறைந்திருந்து கேட்ட கணக்குத்தான்.

யோகா அன்ரியிடம் இதைச் சொன்னேன். “சும்மா இருக்கிற ராகத்தை ஏன் பிள்ளை சீண்டுறீர்?” என்றார். எனக்குப் பயம் இல்லை. அனுப்புங்கள்.

உங்கள் பிடிவாதக்கார வதனா

*

கண்டி
9.7.1977

அன்புள்ள வதனாவுக்கு,

தேக சுகத்துக்குக் குறைவில்லை. உம்மோடு வாதாடி வென்ற நாள் ஒன்று உண்டென்றால் அது நம் கல்யாணத்துக்கு முந்தியதாகத்தான் இருக்கும்.

கசற்றை இன்று தபாலில் சேர்த்தேன். ஒரு பக்கம் ஆலாபனை, மறுபக்கம் நீர் கேட்ட பிடிகள் ஒவ்வொன்றாக. நடுவில் நாய் குரைப்பது வராளியைச் சேர்ந்ததல்ல. பதிவு செய்து முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏதோ செய்யக் கூடாததைச் செய்தது மாதிரி இருந்தது. பிறகு தேத்தண்ணி குடித்ததும் போய்விட்டது.

பாடசாலையில் லீவு கேட்டு எழுதியாயிற்று. பாஸ்போட்டுக்குப் படம் எடுத்தேன். படத்தில் பொலிசுக்குப் பிடித்துக் கொடுக்க வேண்டிய ஆள் போல இருக்கிறேன். நிலத்தில் விரிக்க நல்ல கம்பளம் ஒன்று பார்த்து வையும். கார்த்திகையில் சந்திப்போம்.

உம்முடைய சிறி

*

நார்த்மீட்
25.8.1977

அத்தானுக்கு,

சுகமா என்று எழுதவே பயமாக இருக்கிறது. இருக்கிறீர்களா என்று மட்டும் சொல்லுங்கள்.

இங்கத்தைய பத்திரிகையில் உள்பக்கத்தில் சின்னதாய்ப் போட்டிருந்தார்கள். இலங்கையில் கலவரம், தமிழர்களின் வீடுகள் எரிந்தன என்று. கண்டியின் பெயரும் இருந்தது. விக்னராஜா அங்கிள் ரெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். உங்கள் பாடசாலை நம்பரில் ஒருவரும் எடுக்கவில்லை. தந்தி அடித்தோம், பதில் இல்லை. உங்கள் கடைசிக் கடிதம் ஆடி மாதத்தது.

உங்கள் கசற்றைக் கேட்டுத்தான் இரண்டாம் பகுதியின் முதல் பக்கங்களை எழுதி அனுப்பினேன், இப்போது அதைப் போட்டுக் கேட்க முடியவில்லை. நான்தான் கேட்டேன், நீங்கள் வேண்டாம் என்றீர்கள், நான்தான் விடாமல் கேட்டேன். குருவுக்கும் சீடனுக்கும் பிரிவு வரும் என்று நீங்களே எழுதிய வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

ஒரு சொல் போதும். யாரிடமாவது கொடுத்தாவது அனுப்புங்கள்.

வதனா

*

வட்டுக்கோட்டை
6.9.1977

அன்பு மச்சாள் வதனாவுக்கு நாகேஸ்வரி எழுதுவது,

உம்முடைய தந்தியும் கடிதமும் கண்டியைச் சுற்றிவிட்டுக் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தன. முதலில் நிம்மதியாக மூச்சு விடும். தம்பி உயிரோடு இருக்கிறார். அகதிகளோடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார். சோறு சாப்பிடுகிறார், நித்திரை கொள்ளுகிறார்.

கண்டி வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை, வயலின் மட்டும் அவரோடு வந்தது. வேறு விஷயங்களை அவரே எழுதுவதாகச் சொல்லுகிறார். நான் எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். நீர் படிப்பை விட்டுப்போட்டு ஓடி வந்துவிட வேண்டாம். இங்கே வந்து செய்ய ஒன்றும் இல்லை.

அன்புடன் மச்சாள் நாகேஸ்வரி

*

வட்டுக்கோட்டை
22.9.1977

அன்புள்ள வதனாவுக்கு,

நலமாக இருக்கிறேன். அக்கா வைக்கிற சோற்றின் அளவைப் பார்த்தால் சீக்கிரம் என்னைக் கப்பலில்தான் சிட்னிக்கு ஏற்ற வேண்டிவரும், விமானம் தாங்காது. பயந்து போயிருப்பீர். இனிப் பயப்பட ஒன்றும் இல்லை.

நீர் அனுப்பிய இரண்டாம் பகுதியின் முதல் பக்கங்கள் கண்டிப் பாடசாலையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு இங்கே வந்தன. பார்த்தேன். மிக அழகாக இருக்கிறது. வராளியின் காந்தாரத்தை நாலு வயலினுக்கும் பிரித்துக் கொடுத்த விதம் அருமை. ஒரு சுரத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

கார்த்திகைப் பயணம்தான் கொஞ்சம் சந்தேகம். பாஸ்போட் கண்டி வீட்டோடு எரிந்துவிட்டது. அதற்குள் அங்கே வேறு யாராவது வாசிக்கக் கிடைப்பார்களா என்று பார்த்து வைப்பது நல்லது.

உம்முடைய சிறி

*

நார்த்மீட்
16.10.1977

என் அன்பு அத்தானுக்கு,

உங்கள் கையெழுத்தைக் கண்டு அழுதேன். யோகா அன்ரி சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினார். எல்லாம் சரிதான். பிறகு ரயிலில் இருந்து திரும்பவும் வாசித்தேன். அப்போதுதான் பயம் பிடித்தது.

நீங்கள் என்னை மெச்சியிருக்கிறீர்கள். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து இன்று வரை நான் எழுதிய எதையும் நீங்கள் அருமை என்று சொன்னதில்லை. அந்தப் பக்கங்களில் விரல் போகாத இடங்கள் எனக்கே தெரிகின்றன. நீங்கள் வில்லை எடுத்தால் மூன்றாவது வரியிலேயே என்னை ஏசியிருப்பீர்கள். பார்த்தேன் என்றுதான் எழுதுகிறீர்கள், வாசித்தேன் என்று எழுதவில்லை. வயலின் உங்களோடு வந்தது என்று மச்சாள் எழுதினாரே. என்ன நடந்தது, அத்தான்?

நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வராளிப் பகுதியை எடுத்துவிட்டேன். பேராசிரியரிடம் போய் இரண்டாம் பகுதியை நீக்கச் சொன்னேன். காரணம் கேட்டார். எப்படிச் சொல்வது? ஒரு ராகத்தைச் சொல்லித் தந்ததால் என் புருஷனுக்கு ஆபத்து வந்தது என்று இங்கிலீசில் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, பாவம், தண்ணீர் எடுத்து வந்து தந்தார். ஆனால் அந்தப் பகுதி இல்லாமல் பட்டம் தர முடியாதாம். சித்திரை வரை தவணை தந்திருக்கிறார். எனக்குப் பட்டம் வேண்டாம். இனி அந்த ராகத்தைத் தொட மாட்டேன். அது எங்களைப் பிரிக்கப் பார்த்தது. இன்னும் என்ன செய்யுமோ தெரியாது.

உங்கள் வதனா

*

வட்டுக்கோட்டை
5.11.1977

வதனாவுக்கு,

என்ன நடந்தது என்று கேட்டீர். சுகம் இல்லை.

இதை எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். நீர் வராளியை நீக்கிவிட்டதாக எழுதியதைப் படித்தபின் கோபம் பொறுக்கவில்லை. உம்மேல் கோபமா, என்மேலா, தெரியவில்லை.

கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். வயலின் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு குசினிப் பக்கமாக ஓடினேன். ஒருவன் மண்வெட்டிப் பிடியால் பெட்டியை ஓங்கி அடித்தான். பெட்டிக்கு மேலே என் இடக்கை இருந்தது. திரும்பவும் அடித்தான். கையை எடுத்திருக்கலாம். எடுத்தால் வயலின் போய்விடும் என்று எடுக்கவில்லை. இப்படிக்கூட ஒரு மடையன் இருப்பானா? வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்த சிங்கள ரீச்சர் என்னை இழுத்துத் தன் வீட்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார். அவர் இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் இல்லை.

வயலினில் ஒரு கீறல்கூட இல்லை. சுட்டுவிரல் மடங்காது. நடுவிரலும் மோதிரவிரலும் சேர்ந்துதான் அசைகின்றன. யாழ்ப்பாணத்து டொக்டர் பார்த்துவிட்டு, “எழுதுற கை தப்பினது நல்ல காலம் மாஸ்டர்” என்றார். நல்ல மனுஷன். நான் ஓம் என்றேன்.

இனி வாசிக்க மாட்டேன். இதை முதல்முறையாக எழுதுகிறேன். அக்காவுக்கும் இந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

இப்போது கேளும். என் கையை உடைத்தது வராளி இல்லை. ஒரு மனிதன் உடைத்தான், அவன் முகம் எனக்குத் தெரியும், கையில் மண்வெட்டிப் பிடி இருந்தது. பழியை ராகத்தின் மேல் போட்டால் அவன் தப்பிவிடுவான். அது எனக்குச் சம்மதமில்லை. அந்த நாலைந்து நாளில் வராளியே தெரியாத எத்தனை பேரின் வீடுகள் எரிந்தன. அவர்கள் எந்த ராகத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள்?

பகுதியைத் திரும்பச் சேரும். வேறு ஒருவருக்குச் சொல்லிக் கொடும். முகத்தைப் பார்த்தே சொல்லிக் கொடும்.

சிறிதரன்

*

நார்த்மீட்
29.1.1978

என் அன்பு அத்தானுக்கு,

இவ்வளவு நாளும் பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். எழுதத் தொடங்குவேன், உங்கள் கை என்று எழுத வேண்டி வரும், பேனாவை வைத்துவிடுவேன். எத்தனையோ ஏரோகிராம் வீணாய்ப் போயிற்று. கை இன்னும் வலிக்கிறதா? இரவில் வலிக்கிறதா? மச்சாளிடம் கேட்டால் சத்தியத்தைச் சொல்லித் தப்பிவிடுவார், நீங்களே சொல்லுங்கள்.

ஓடி வந்துவிட இருந்தேன். பெட்டியும் அடுக்கினேன். விக்னராஜா அங்கிள்தான் நிறுத்தினார். “வந்து நிண்டு அழப்போறீர். அவர் உம்மைத் தேற்ற வேணும். அதுக்கோ போறீர்?” என்று கேட்டார். அடுக்கியதையெல்லாம் திரும்ப வெளியே எடுத்து வைத்தேன்.

பகுதியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். தந்திக் குழுவில் இலோனா என்று ஹங்கேரியிலிருந்து வந்த பெண் இருக்கிறாள். உங்கள் பங்கை அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், அவளுடைய இடத்துக்கு வேறொரு மாணவி வந்துவிட்டாள். கம்பளத்தில் சம்மணம் கட்டி இருத்தி, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றச் சொல்லி, எதிரே நானும் இருந்து, முகத்தைப் பார்த்துத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். வீட்டுக்குப் போகும்போது பார்த்துப் போ என்று அவளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுகிறேன். அவள் என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறாள் போல.

ஆனால் நீங்கள் வர வேண்டும். வாசிக்க வேண்டாம். சித்திரைக்கு முன்னால் வந்து சபையில் இருங்கள். அங்கிள் விசாவுக்குப் பொறுப்பு எழுதித் தருவதாகச் சொல்லுகிறார். வருவீர்களா? உங்களைக் காணாமல் இன்னும் ஒரு வருடம் என்றால் நான் என்ன ஆவேனோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் வதனா

*

நார்த்மீட்
23.4.1978

என் அன்பு அத்தானுக்கு,

நலம். பரீட்சைக் கச்சேரி போன வெள்ளிக்கிழமை முடிந்தது. மூன்று மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. மச்சாள் மட்டும் நீங்கள் சுகமாக இருப்பதாக எழுதினார். சபையில் முன்வரிசையில் ஒரு கதிரையை வெறுமையாக விடச் சொல்லியிருந்தேன். பிறகு யாரோ ஒரு கிழவர் வந்து இருந்துவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை.

இலோனா பரவாயில்லை. காந்தாரத்தில் அவசரப்பட்டாள். மத்திமம் கொஞ்சம் மெலிந்துபோயிற்று. உங்கள் இழைப்பு அவளுக்கு எங்கே வரப்போகிறது? பரீட்சகர்கள் அதிகம் ஒன்றும் சொல்லவில்லை. பட்டம் தருகிறார்கள்.

இனி என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் அங்கே வருவதா, நீங்கள் இங்கே வருவதா? வரமாட்டேன் என்றாலும் அதையாவது எழுதுங்கள். ஒன்றும் எழுதாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. நான் கேட்டுப் பயந்த பிரிவு இதுதானோ என்று இருக்கிறது.

உங்கள் வதனா

*

வட்டுக்கோட்டை
14.5.1978

அன்புள்ள வதனாவுக்கு,

தேகம் சுகம். கை நோ குறைந்துவிட்டது, மழைக்கு மட்டும் குடையும். இரவில் வலிப்பதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்ல இத்தனை மாதம் ஆயிற்று.

பட்டம் கிடைத்த செய்தியை அக்கா ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லிவிட்டார். எனக்கும் பெருமைதான், இதை எழுத்தில் ஒருமுறை வைத்துவிடுகிறேன்.

உமக்குப் பொய் எழுத வராது, வதனா. அந்தப் பெண் உம்முடைய உருப்படியைக் கெடுத்திருந்தால் நீர் நாலு பக்கத்துக்குப் புலம்பியிருப்பீர், எந்தக் கட்டத்தில் எந்த விரல் என்று எனக்குப் பாடம் நடத்தியிருப்பீர். மூன்று வரியில் முடித்திருக்கிறீர். அவள் நன்றாக வாசித்திருக்கிறாள். என் மனம் நோகும் என்று மறைக்கிறீர். நொந்ததுதான். பிறகு, என் வீட்டுக்காரி சொல்லிக் கொடுத்துத்தானே அவள் வாசித்தாள் என்று நினைத்தேன். கொஞ்சம் ஆறிற்று. முழுக்க ஆறவில்லை.

உம்முடைய தை மாதக் கடிதத்துக்கே பதில் எழுதியிருக்க வேண்டும். புதிய பாஸ்போட் மாசியில் வந்தது, அங்கிளின் கடிதத்தோடு விசாவும் பங்குனியில் வந்துவிட்டது. கச்சேரிக்கு முன்னால் வந்திருக்கலாம். வரவில்லை. என் இடத்தில் வேறொருவர் இருந்து வாசிக்க, நான் கதிரையில் இருந்து கேட்க வேண்டும் என்று நினைத்தாலே கால் வரவில்லை. கண்டியில் ஓடியபோதுகூட இப்படிக் கால் மறுக்கவில்லை.

இப்போது கச்சேரி முடிந்துவிட்டது. வாறன். அடுத்த மாதம் பதினோராந் திகதி காலை விமானம். வாசிக்க வரவில்லை, அங்கே என்ன வேலை கிடைக்கும் என்றும் தெரியாது. உம்மோடு இருக்க வாறன்.

விமான நிலையத்துக்கு அன்ரியையும் அங்கிளையும் கூட்டி வர வேண்டாம், அவர்கள் குறை நினைக்காமல் நீரே சொல்லிவிடும். நீர் மட்டும் வாரும். அந்தக் கையை நீர் இன்னும் காணவில்லை. அதைக் காணும்போது உம்முடைய முகம் எப்படிப் போகுமோ என்பதுதான் எனக்கு இப்போதுள்ள பயம். வேறு பயம் ஒன்றும் மிச்சமில்லை. நான் அதைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டுதான் வருவேன். நீர் ஒன்றும் கேட்காமல், என் முகத்தையும் பாராமல், இடப்பக்கமாக வந்து சால்வைக்குள் கையை விட்டு அதைப் பிடித்துவிடும். பிறகு கதைப்பம்.

உம்முடைய சிறி